சின்னராசு இளைத்ததும் பெருத்ததும்

அந்தத் தை மாதம் சின்னராசுவுக்குப் பசி அடங்கவே இல்லை.

காலையில் இரண்டு உருண்டை ராகிக் களியைத் தின்றுவிட்டுத்தான் மிளகு பறிக்கக் கிளம்புவார். காட்டுக்குப் போய் முதல் மரத்தில் ஏணியைச் சாத்துவதற்குள் வயிறு மறுபடியும் கூப்பிடும். தூக்குப்போசியில் கொண்டுபோன சாமைச் சோற்றைப் பொழுது உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டு, கூட வேலை செய்யும் குழந்தைசாமியின் போசியைப் பார்ப்பார். குழந்தைசாமி அவர் மனைவி சென்னம்மாளின் தம்பி. முதலில் சிரித்துக்கொண்டே பாதியைக் கொடுத்தான். பிறகு அக்காளிடம் சொல்லி இரண்டு போசியாகக் கட்டச் சொன்னான்.

இவ்வளவும் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. தின்னத் தின்ன சின்னராசு இளைத்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. மலைமேல் குண்டூர் நாட்டில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்திருக்கும் மிளகைப் பறிக்க அவரைத்தான் தேடி வருவார்கள். ஏணி முடிந்த பிறகும் மரத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே போகக்கூடியவர். மெலிந்து முறுக்கேறிய உடம்பு. அந்த உடம்பைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கையும் காலும் சொன்னபடி கேட்டன, அவ்வளவுதான்.

இப்போது கை சொன்னபடி கேட்கவில்லை. காபி டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பியது. மரத்தின் மேலே நின்று கொத்தை ஒடிக்கும்போது விரல்கள் தாமாக ஆடின. ஒருநாள் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்க்கப்போய், பாதி நிறைந்த சாக்கு கீழே விழுந்து மிளகெல்லாம் புதரில் சிதறியது. குழந்தைசாமி பொறுக்கி எடுத்துவிட்டு, சுற்றி யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. காலையிலயே ஊத்திக்கிட்டா வாறீங்க?"

"எதைடா ஊத்திக்கிட்டு?"

"கை நடுங்குது. கண்ணு வேற வெளிய வந்து நிக்குது. எல்லாருந்தான் கேக்கறாங்க."

சின்னராசுவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அதுவும் புதிது. முன்பெல்லாம் அவருக்குக் கோபம் வர நாளாகும். இப்போது தீக்குச்சி கிழித்ததுபோல வந்தது. மச்சினனைக் கண்டபடி திட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்று யோசித்தார். அவர் குடிப்பவர் இல்லை. ஆனால் குடித்தவனுக்கு இருப்பதெல்லாம் தனக்கு இருக்கிறதே என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

மலையில் இன்னும் பனி இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது அவருக்கு மட்டும் வேர்த்து ஒழுகியது. சென்னம்மாள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். கோயிலில் மந்திரித்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். கயிறு கட்டிய மணிக்கட்டு நாளாக ஆகக் கயிற்றுக்குள் சிறுத்தது. கன்னம் ஒட்டி, கண்கள் இரண்டும் பிதுங்கி, யாரைப் பார்த்தாலும் முறைப்பதுபோல ஆகிவிட்டது அவர் முகம். ஒரு துக்க வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "எதுக்கு என்னை அப்படி மொறைக்கறே?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அவர் தூக்கினால் வீறிட்டு அழுதது. அதன்பிறகு அவர் குழந்தைகளைத் தூக்குவதில்லை.

அவர் மகள் பூங்குழலி ராசிபுரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குப் பரீட்சை என்று வராதவள், மாசி மாதம் வந்தாள். அவளை அழைத்துவர சின்னராசு பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள் அவரை ஒருமுறை பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைக் கடந்து நடந்தாள்.

"கண்ணு" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பினாள். குரலைத்தான் முதலில் அடையாளம் கண்டாள். பிறகு முகத்தைத் தேடினாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாச்சுங்கப்பா உங்களுக்கு? அம்மா ஃபோன்ல கொஞ்சம் எளச்சுட்டாருன்னுதானே சொன்னா!"

"ஒண்ணுமில்ல சாமி. நல்லாத்தான் தின்னுக்கிட்டு இருக்கறேன்."

மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலை மேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் மைதிலி இருந்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவர். அவர் சின்னராசுவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. காற்றே இல்லாத அறையில் தன் கைமேல் அது ஆடுவதை சின்னராசு வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"குடிக்கறதில்லீங்க" என்றார், யாரும் கேட்காமலே.

"தெரியுது. இது தைராய்டு மாதிரி இருக்கு. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதை அதுதான் பார்த்துக்கொள்கிறது, அவருக்கு அது கண்மண் தெரியாமல் வேலை செய்கிறது என்று டாக்டர் விளக்கினார். தின்றதெல்லாம் அதனால்தான் எரிந்துபோகிறது. கண் பிதுங்கியதும் அதே நோயால்தான். ரத்தப் பரிசோதனையும் அப்படியே சொன்னது. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுக்கவேண்டும், அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணில் தூசியும் வெயிலும் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். அந்தக் கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு சின்னராசு களத்தில் மிளகு காயவைத்த முதல் நாள், ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேலி செய்தார்கள். முறைக்கிறான் என்பதைவிட இது தேவலாம் என்று அவர் கழற்றவில்லை.

மாத்திரை வேலை செய்தது. நெஞ்சு படபடப்பு அடங்கியது. கை நின்றது. கம்பளி தேவைப்பட்டது. கன்னத்தில் சதை வைக்க ஆரம்பித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. வழியில் பார்க்கிறவர்கள் நிறுத்தி நிறுத்தி, "தேறிட்டே சின்னராசு" என்றார்கள். மச்சினன் வந்து மன்னிப்புக் கேட்காமல் ஒரு சேவலைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டு முறை ரத்தம் கொடுக்கப் போனார். பிறகு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கும் வேலை வந்தது. உடம்புதான் நன்றாக இருக்கிறதே, எதற்குப் போய் வரிசையில் நிற்பது என்று பழைய மாத்திரை அட்டையைக் காட்டிச் செம்மேட்டு மருந்துக் கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆடி போய் ஆவணி வந்தது. புரட்டாசியும் போனது. சதை வைப்பது நிற்கவில்லை.

இப்போது பசியே இல்லை. ஒரு உருண்டை களியே தொண்டையில் இறங்க மறுத்தது. ஆனாலும் உடம்பு பெருத்தது. முகம் உப்பி, கண்களுக்குக் கீழே பை கட்டியது. கழுத்தும் முகமும் ஒன்றாகிவிட்டன. எந்நேரமும் தூக்கம் வந்தது. பேச்சுக்கூட மெதுவாகி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எதிராளி கொட்டாவி விட்டார்.

"தின்னப்ப எளச்சுது. தின்னாதப்ப பெருக்குது" என்று சென்னம்மாளிடம் சொன்னார். "இது எந்தக் கணக்குலடி சேத்தி?"

"எனக்கென்ன தெரியும். தேறிட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீ சொல்லு. எப்படி இருக்கறேன்?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே, "எதையாச்சும் கேட்டுக்கிட்டு" என்றாள். அவள் பார்க்காமலே பதில் சொன்னது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நன்றாக இல்லை என்று அர்த்தமா, அல்லது புடைக்கும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதுதானா? அன்று மாலை வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தை வந்தது. ஏணியைச் சாத்தி, பழைய பழக்கத்தில் ஏறினார். பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மூங்கில் வளைந்து முனகியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தைசாமி கால்களை அகட்டி வைத்து, தோளை ஏணிக்கு முட்டுக் கொடுத்ததை மேலிருந்து சின்னராசு பார்த்துவிட்டார். நின்றார். இறங்கினார்.

"மாமா, நீங்க கீழ கொத்து உதுத்துங்க. நா ஏறிக்கறேன்" என்றான் மச்சினன், மெதுவாக.

கீழே கொத்திலிருந்து மிளகை உதிர்ப்பது பெண்கள் வேலை. கண்ணாயியும் இன்னும் இரண்டு பேரும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாயி ஒதுங்கி இடம் விட்டாள். "வாங்கண்ணா, வந்து குக்குங்க. உக்காந்து பண்ற வேலதான். நீங்களும் சௌக்கியமாத்தான் இருக்கறீங்க" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தான் சௌக்கியமாக இருப்பதாக ஊருக்குத் தோன்றுகிறது. தனக்கோ தன் காலைத் தூக்கி வைப்பதே அடுத்தவன் காலைத் தூக்கி வைப்பதுபோல இருக்கிறது. செத்துக்கொண்டிருந்தபோதாவது மரம் ஏறினேனே என்று நினைத்தார்.

அந்த வாரமே மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து, வாயில் போடுவதுபோலப் போட்டு, வெளியே வந்து செடிக்குள் எறிந்தார்.

அவர் எதிர்பார்த்தது நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உப்பல் வடிந்தது. தாடை எலும்பு தெரிந்தது. சோம்பல் போய்க் கால் தானாக நடந்தது. பங்குனி முடியும்போது பழையபடி இடுப்பில் வேட்டி நின்றது. சலூன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது, கண்ணைத் தவிர எல்லாம் தன்னுடையதாக இருந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவருக்குத் தன்னைப் பிடித்தது. மச்சினன், "இப்பத்தான் மாமா நீங்க நீங்களா இருக்கறீங்க" என்றான். கடைசி இரண்டு மரத்துக்கு ஏணியையும் விட்டுக்கொடுத்தான்.

சென்னம்மாள் மட்டும் ஒருநாள் கேட்டாள். "மாத்தர போடறீங்களா?"

"போடாம?"

"கம்பளிய ஒதச்சுத் தள்ளறீங்க. வேர்க்குது உங்களுக்கு."

"வெயில் காலம் வந்துருச்சுடி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

சித்திரையில் ஒரு சந்தை நாள். சின்னராசு வாழைத்தாரை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். தாரை நிறுத்து முடித்ததும், வியாபாரி சிரிக்கட்டும் என்று தானும் அந்தத் தராசின் மேல் ஏறி நின்றார். அவர் நினைத்ததைவிடக் குறைவாகக் காட்டியது. "ஆளு பழையபடி ஆயிட்டீங்களே" என்றார் வியாபாரி. அந்தச் சந்தோஷத்தோடுதான் இறங்கினார். இறங்கும்போதே நெஞ்சுக்குள் கோழி இறக்கை அடிப்பதுபோல அடித்தது. ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு, பிறகு ஒரேயடியாக அடித்தது. தராசைப் பிடிக்கக் கை நீட்டினார். கை எட்டவில்லை. வாழைத்தார்களுக்கு நடுவே விழுந்தார்.

ஆம்புலன்ஸில் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னவும் ஆகியிருக்கலாம் என்றார்கள். சில நாட்கள் நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தார். மாத்திரையை நிறுத்தியதை அவராகவே டாக்டரிடம் சொன்னார். பக்கத்தில் சென்னம்மாள் இருந்தாள்.

டாக்டர் போனதும் கேட்டாள். "எதுக்கு?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "ஏணி ஏற முடியல. நீயும் பாக்கறதில்ல."

"எதை?"

"என்னைய."

சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் அழவில்லை, அவளுக்குக் கோபம். "நீங்க எளச்சப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? புருசனுக்குச் சோறு போடாத பொம்பளைன்னாங்க. எங்கம்மாவே கேட்டா. நீங்க பெருத்தப்ப, ஆளுக்கு ஆக்கிப் போட்டே ஊத வெச்சுட்டாள்னாங்க. அப்ப நீங்க தின்னது ஒரு கை. அதுகூட உள்ள போகலன்னு யாருகிட்டப் போயி சொல்லட்டும்? உங்க மூஞ்சியப் பாத்தா அழுகை வரும்னுதான் பாக்கல. அதுக்கு நெஞ்சை நிறுத்திக்கறதா?"

பக்கத்துப் படுக்கைக்காரரும் அவர் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னராசுவுக்கு அவள் சொன்ன எதுவும் தெரியாது. தன் உடம்பைப் பற்றி ஊர் தன்னிடம் மட்டும்தான் பேசுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல புள்ள" என்றார். "உடும்புப் பிடியா ஒரு சீக்கு ஒரு பக்கம் இழுத்தாத் தெரியும். இது ரெண்டு பக்கமும் இழுக்குது."

"எனக்கும்தான் வெளங்கல" என்று சொல்லிவிட்டு, சென்னம்மாள் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள்.

மலைக்குத் திரும்பியதும் டாக்டர் மைதிலியிடம் போனார்கள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. எடை பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் புரட்டினார்.

"நீங்க மொதல்ல எளச்சது சீக்கு. அப்புறம் அளவுக்கு மீறிப் பெருத்தது, ரத்தம் பாக்காம ஒரே மாத்திரையை அதே அளவுல போட்டதால. மாத்திரையை விட்டதும் எளச்சீங்களே, அது திரும்பவும் சீக்கு. உங்களுக்கு அப்பத்தான் நல்லா இருந்த மாதிரி இருந்துருக்கும்."

"ஆமாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. அதான் புரியலீங்க." சின்னராசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுல எனக்குன்னு உள்ள ஒடம்பு எதுங்க?"

டாக்டர் சீட்டுகளை மடித்து வைத்தார். "அதை என்னால சொல்ல முடியாதுங்க. சுரப்பி சரியா ஓடுதா இல்லையான்னு ரத்தம் சொல்லும். எடை எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பழைய எடைக்கு வரலாம். வராமலும் போகலாம். கண்ணும் முழுசாப் பழையபடி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்."

இவ்வளவு படித்தவருக்கும் தெரியவில்லை என்பது சின்னராசுவுக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வெளியே வந்ததும் ஆறுதல் போய்விட்டது.

இப்போது அவர் தவறாமல் ரத்தம் கொடுக்கப் போகிறார். சென்னம்மாளே மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்து, அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நிற்கிறாள். மிளகுக் காலத்தில் தாழ்ந்த மரங்களில் அவர் ஏறுகிறார். உயரமான மரங்கள் மச்சினனுக்கு. ஏறாத நேரத்தில் கண்ணாயியின் பக்கத்தில் உட்கார்ந்து கொத்து உதிர்க்கிறார். அந்த வேலையில் விரல் நுனி எரியும் என்பது இத்தனை வருஷம் மேலேயே இருந்தவருக்குத் தெரியாது. வயிறு கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஒரு மாதம் குறைகிறது, ஒரு மாதம் கூடுகிறது. பூங்குழலி ஃபோனில் வீடியோவில் கூப்பிட்டால், முகத்தை அங்கே இங்கே திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்க்கிறாள். "நல்லா இருக்கறீங்கப்பா" என்கிறாள். நன்றாக என்றால் எப்படி என்று அவர் கேட்பதில்லை.

போன ஆடி நோம்பிக்குச் சட்டை தைக்கச் செம்மேட்டுக்குப் போனார்கள். டெய்லர் டேப்பை இடுப்பில் சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"லூசா வெக்கட்டுங்களா, பிடிச்சாப்பல தைக்கட்டுங்களா?"

சின்னராசு கைகளைத் தூக்கியபடியே நின்றார். இளைப்பேனா பெருப்பேனா என்று டெய்லர் கேட்பதுபோல இருந்தது. சென்னம்மாளைப் பார்த்தார். அவள் ரவிக்கைத் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு என்ன அளவு வருதோ அதுக்குத் தையுங்க" என்றார்.

நோம்பியன்று அந்தச் சட்டையையும் கூலிங்கிளாஸையும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். வாசலில் பார்த்த உறவுக்காரர் ஒருவர், "என்ன சின்னராசு, எளச்சாப்பல இருக்கறே" என்றார். "ஆமாங்க" என்றார் சின்னராசு. பொங்கல் வைக்கும் இடத்தில் இன்னொருவர் தோளைத் தட்டி, "நல்லாப் பூசுனாப்பல ஆயிட்டியே" என்றார். அவருக்கும், "ஆமாங்க" என்றார்.

கூட்டத்துக்குள் சென்னம்மாளைத் தேடிப் பிடித்து, அவள் காதருகே குனிந்து கேட்டார்.

"ரெண்டுல எதுடி நெசம்?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அவள், அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தபடி. "நவுருங்க, சாமி வருது."